குறுக்கே கயிறு வந்தால் இறங்கித் தள்ளணும்

1

ராக்கி மலைத்தொடரை மோட்டார் சைக்கிளில் கடந்த முதல் ஆரணிக்காரன் நான்தான். பனி உறைந்த கணவாய், ரோட்டோரம் கரடி, ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் பீடி.

பொய். பீடி மட்டும் நிஜம். அதையும் வசந்தா விடச் சொல்லிவிட்டாள். அந்த மலையை இதுவரை நான் பார்த்ததெல்லாம் வேலைக்குப் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். வானம் தெளிவாக இருக்கிற காலையில், கால்கரி நகரத்துக்கு மேற்கே, காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக நீளமாகத் தெரியும். நன்றாகப் பார்ப்பதற்குள் என் ஸ்டாப் வந்துவிடும். இறங்கி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குள் போய்விட்டால் சாயங்காலம் வரை ஜன்னலே கிடையாது. ஆவி, ஈரப் படுக்கை விரிப்பு, மறுபடியும் ஆவி.

ஊரில் இந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டதும் நான்தான். கூட வேலை செய்கிற ஸ்டானின் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். பின்னால் தெரிகிற மலை, கேன்டீன் சுவரில் பெயின்ட் அடித்த மலை. மலைக்கு நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கிறது. ஆரணியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கனடாவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது எனக்கில்லை, வசந்தாவுக்கு. கண்ணமங்கலத்துப் பெண். வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். நான் மூணாங்கிளாஸைப் பாதியில் முடித்தவன். எழுபத்திரண்டில் விமானம் ஏறினோம். அவள் உத்தியோகஸ்தி, நான் லக்கேஜ். மகள் கலாவுக்கு அப்போது அஞ்சு வயது. இப்போது அவளுக்குப் பதினெட்டு ஆகிறது. ஆள் வளர்ந்தாள், அவள் தமிழ் மட்டும் அஞ்சு வயதிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அது ஆரணித் தெருவில் விளையாடுகிற குழந்தையின் தமிழ்தான். கோபம் வந்தால் முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் நம்முடையது: "பேஜார் பண்ணாத நைனா."

செப்டம்பரில் அவள் மேல்படிப்புக்கு இந்த நாட்டின் இன்னொரு கோடிக்குப் போகிறாள். போனால் திரும்பி வருவாள் என்று சொல்கிறார்கள். இங்கே யார் வீட்டிலும் பிள்ளைகள் அப்படித் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. லீவுக்கு வருவார்கள், விருந்தாளி மாதிரி சோபாவின் நுனியில் உட்காருவார்கள். அதனால் அவள் போவதற்குள் ஒரு தடவை, அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அந்த மலைக்குப் போய்வந்துவிட வேண்டும் என்று ஆசை. பான்ஃப், ஜாஸ்பர் என்று பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு தேசியப் பூங்கா. பூங்கா என்றால் பெஞ்சும் சறுக்குமரமும் இல்லை, நம்ம ஜில்லாவை முழுசாக உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கிற காடும் மலையும்.

கேட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"வர்றேன் நைனா," என்றாள். "ஆனா நீ லைசென்ஸ் எடுக்கணும். போலீஸ் புடிச்சா நான் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

2

திட்டம் போட்டது பனிக்காலத்தில். வெளியே போக முடியாத ஊரில் பயணத்துக்குத் திட்டம் போடுவது மாதிரி சுகம் வேறில்லை. பெட்ரோல் பங்கில் சும்மா கொடுத்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்தேன். மாசக்கணக்கில் எடுக்கவில்லை.

"இன்னாங்க இது, சட்டி வெக்க எடமில்ல?" என்பாள் வசந்தா, ராத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில்.

"மலை வெச்சிருக்கேன்."

"மலைய அப்டி ஓரமா தள்ளுங்க. கொழம்பு சுடுது."

பான்ஃபிலிருந்து ஜாஸ்பர் போகிற ரோடு முழுக்கப் புளிக்குழம்புக் கறை. அதை ஏரி என்று நினைத்து ஸ்டான் ஒருநாள் பேர் கேட்டார்.

வண்டி ஸ்டானிடம் வாங்கியது. பழைய ஜப்பான் வண்டி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே வசந்தா ஒரு சட்டம் போட்டாள். அவள் ராத்திரி வேலை முடித்துவந்து பகலில் தூங்குகிறவள். வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைக்க வேண்டும். தள்ளினேன். எனக்கு அது புதுசில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பூங்காக்காரர்களின் விதிமுறைத் தாளைக் கலா படித்துச் சொன்னாள். உள்ளே நுழையச் சீட்டு வாங்க வேண்டும், கூடாரம் போட நம்பர் போட்ட இடம், ராத்திரியில் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது, கரடி வரும், உயரமான கம்பத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

"புளிசோறு கட்டித் தர்லாம்னு இருந்தேன்," என்றாள் வசந்தா. "கம்பத்துல கட்டினா கரடி ஏறாதா?"

"கறுப்புக் கரடி ஏறும் மம்மி."

"அப்ப ரெண்டு பொட்டலமா கட்டிடறேன். ஒண்ணு அதுக்கு."

லைசென்ஸுக்கு முதலில் கேள்வி-பதில் பரீட்சை. அதற்கு ஒரு புத்தகம். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், கூட்டமாக வந்தால் தெரியாது. கலா ஐஸ்கிரீம் கடை வேலை முடிந்து வந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்துத் தன்னுடைய தமிழில் சொல்வாள்.

"செவப்புன்னா நிக்கணும் நைனா. பச்சைன்னா போணும். மஞ்சான்னா, போலாமா வாணாமான்னு ரோசனை பண்ணணும்."

"ரோசனை பண்ணிகினு இருக்கசொல்ல செவப்பு வந்துட்டா?"

"அதுக்குதான் ஜல்தியா ரோசனை பண்ணணும்."

அந்த ரெண்டு மாசத்தில் அவள் என்னோடு பேசியது, அதற்கு முந்தின நாலு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். எல்லாம் டிராஃபிக்கைப் பற்றித்தான். இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. சில நாள் பதில் தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். புத்தகம் தீர்ந்துபோனபோது எனக்குக் கொஞ்சம் துக்கமாகக்கூட இருந்தது.

பரீட்சைக்கு அவளும் கூட வந்தாள். லைசென்ஸ் ஆபீஸில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். என் பெயர் முனுசாமி, அப்பா பெயர் ஆறுமுகம். காகிதத்தில் எது முன்னால் எது பின்னால் என்பது இந்த நாட்டுக்கு இன்னும் விளங்கவில்லை. "மிஸ்டர் ஆறுமுகம்" என்று கூப்பிட்டார்கள். ஊரில் எங்கப்பா வந்தால் எழுந்து நிற்காத பயல், இங்கே அவர் பெயரைச் சொன்னதும் துள்ளி எழுந்து நின்றேன்.

எனக்குக் கேள்விகளை வாயால் கேட்டார்கள். நான் உள்ளே இருந்த நேரத்தில் கலாவும் அதே பரீட்சையை எழுதிவிட்டாள். "சும்மா குந்திகினு இருக்க போரு நைனா," என்றாள். ரெண்டு பேரும் பாஸ். அவளுக்கு ஒரு தப்புகூட இல்லை. அதற்கப்புறம் சாயங்காலங்களில் சர்ச்சுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற காலி இடத்தில், ஸ்டான் ஓரமாக நின்று பார்க்க, நான் ஒரு சுற்று, அவள் ஒரு சுற்று.

3

பாக்கி இருந்தது ரோட்டில் ஓட்டிக்காட்டுகிற பரீட்சை. முதல் தடவை, ஆபீஸ் வாசலில் இருந்து கிளம்பினதும் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கமாகப் போனேன். பதிமூன்று வருஷமாக இந்த ஊரில் இருந்தும் பஸ்ஸில் உட்கார்ந்து போனவனுக்கு வலது என்ன, இடது என்ன? பரீட்சை அத்தோடு முடிந்தது. ரெண்டாவது தடவைக்குத் தேதி கொடுத்தார்கள், ஜூலையில்.

அந்த ரெண்டாவது தடவை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஆரணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரணிக்காரர்களே, நீங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம்.

அங்கே நான் ஒரு பட்டுக்கடை முதலாளியிடம் இருந்தேன். நெசவாளி வீடுகளுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நெய்த சேலையை வாங்கி வருகிற வேலை. மோட்டார் சைக்கிள் முதலாளியுடையது, பெருமை என்னுடையது. ஆனால் நெசவுத் தெருவில் அந்தப் பெருமை செல்லாது. காலையில் அங்கே பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள் அத்தனையும் சேர்ந்தது பாவு. கஞ்சி தடவி, தெரு நீளத்துக்கு நீட்டிக் காயவிடுவார்கள். அதை இழுத்துப் பிடிக்கிற கயிறு தெருமுனையில் குறுக்கே போய், தரையில் அடித்த முளையில் முடியும். ஈரப் பாவில் புகை பட்டால் போச்சு, புழுதி பட்டாலும் போச்சு. அதனால் கயிறு கண்ணில் பட்டதும் இன்ஜினை அணைத்து, இறங்கி, யாராவது வந்து கயிற்றைத் தூக்கிப் பிடிக்கும் வரை நின்று, தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ள வேண்டும். பஸ்காரனும் கலெக்டரும் அந்தத் தெருவுக்குள் வந்தால் அவர்களுக்கும் அதே கதிதான்.

ஒருநாள் புதுச் சட்டை போட்ட திமிரில் அணைக்காமல் உறுமிக்கொண்டு போனேன்.

"டேய் முனுசாமி! கல்யாணப் பொடவைடா அது! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

நாலு பெண்கள் வண்டியை மறித்துக்கொண்டார்கள். சாவியைப் பிடுங்கி, கையில் ஒரு விசிறியைக் கொடுத்து, அந்த அரக்கு நிறப் பாவு காயும் வரைக்கும் என்னை வீசவைத்தார்கள். தெருவே பார்த்துச் சிரித்தது. அதற்கப்புறம் குறுக்கே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் என் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். மூளையைக் கேட்காது. என் மூளையை யாருமே கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

கால்கரியில் ரெண்டாவது தடவை. வெயில், அகலமான ரோடு. பரீட்சை அதிகாரி பின்னால் காரில் வருகிறார். வலது பக்கம் போனேன். சிவப்புக்கு நின்றேன். மஞ்சளுக்கு ஜல்தியாக ரோசனை பண்ணினேன். திரும்பும்போது கையைக் காட்டினேன். எல்லாம் முடிந்து ஆபீஸுக்குத் திரும்புகிற ரோடு. கண்ணுக்கு எதிரே ஆபீஸ் கட்டடம் தெரிகிறது.

ரோட்டுக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், கறுப்பாக ரெண்டு கயிறு.

கால் ஊன்றியது. கை சாவியைத் திருப்பியது. இறங்கி நின்றேன். யாராவது வந்து தூக்கிப் பிடிப்பார்கள் என்று ரெண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் வரவில்லை. சரி, ஆள் சாப்பிடப் போயிருக்கும் என்று நானே குனிந்து கயிற்றைத் தூக்கப் பார்த்தேன். ரப்பர். தரையோடு ஆணி அடித்திருந்தது. எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுவதற்காக முனிசிபாலிட்டி போட்டுவைக்கிற குழாய் அது. பின்னால் கார்கள் வரிசையாக ஹாரன் அடிக்கின்றன. அதிகாரி இறங்கி வந்தார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவில்லை.

"ஏன் நிறுத்தினீர்கள்?" என்றார்.

"நூல் சார்."

"என்ன நூல்?"

"பட்டு சார். கல்யாணப் புடவை."

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டி கோளாறா என்றார். இல்லை என்றேன். உடம்புக்கு ஏதாவதா என்றார். அதுவும் இல்லை என்றேன். ஓடுகிற ரோட்டில் காரணமில்லாமல் நிறுத்தி இறங்கியது என்று எழுதிக்கொண்டார். காரணம் எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதை என் இங்கிலீஷில் எடுத்துவர முடியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஆபீஸ் வரைக்கும் போனேன்.

4

அடுத்த தேதி அக்டோபரில்தான் என்றார்கள். அக்டோபரில் அந்த மலை ரோட்டில் பனி விழ ஆரம்பித்துவிடும். கலா செப்டம்பரிலேயே போய்விடுவாள். கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் முன்னால் ஏதாவது கிடைக்குமா என்று மூணு விதமாகக் கேட்டேன். மூணு விதமாகச் சிரித்தாள்.

அந்த வாரம் உடம்பு அசந்துபோனது. சலவைக்கூடத்தில் ஈர விரிப்பை உதறும்போது தோள் கழன்றுவிடும் போல வலித்தது. வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கி, ஸ்டாப்பைத் தாண்டிப் போய், திரும்பி நடந்துவந்தேன். வசந்தா வேலைக்குப் போகும் நேரம் நான் வருவேன், அவள் வரும் நேரம் நான் போவேன். கலா ஐஸ்கிரீம் கடையில். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டின துண்டுக் காகிதம்தான் எங்கள் குடும்பம். "சோறு இருக்கு." "பால் இல்லை." "லேட்டாகும்."

பதிமூன்று வருஷம் இப்படித்தான் போயிருக்கிறது என்பது அந்த வாரம்தான் உறைத்தது. கலாவுக்குப் பல் விழுந்ததை, சைக்கிள் கற்றுக்கொண்டதை, முதல் தடவை பரீட்சையில் தோற்றதை எல்லாம் பிரிட்ஜ் கதவில் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். அந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னதும் வசந்தாதான்.

ஒரு சாயங்காலம் வரைபடத்தை மடித்தேன். இத்தனை மாசம் விரிந்தே கிடந்தது மடியமாட்டேன் என்றது. கலா உள்ளே வந்தாள்.

"ஏன் நைனா நின்ன? ஸ்டான் சொல்லி சொல்லி சிரிக்கறாரு. எனக்குத் தெரியணும்."

பாவைப் பற்றிச் சொன்னேன். கஞ்சி, முளை, கயிறு, விசிறி, எல்லாம். சிரிப்பாள் என்று எதிர்பார்த்து, நாலு பெண்கள் மறித்த கட்டத்தை நன்றாக நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"வண்டி மேல ஏறினா பட்டு அறுந்துடுமா?"

"அறுந்தாலும் அறுந்துடும். புகை பட்டா கறை ஆயிடும்."

"நீ எத்தினி வாட்டி எறங்குவ?"

"தெனம் நாலஞ்சு வாட்டி."

"கோவம் வராதா?"

"வரும். ஆனா எறங்கிடுவேன்."

தலையை ஆட்டினாள். மாடிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று வரைபடத்தை மளிகைச் சாமான் அலமாரியில் சொருகினேன்.

பத்து நாள் கழித்து, வசந்தாவுக்கு லீவு. அபூர்வமாக மூணு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். கலா அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்து, குழம்புச் சட்டிக்குக் கீழேயே விரித்தாள். அதன் மேல் ஒரு காகிதத்தை வைத்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் வசந்தா. எடுத்துப் படித்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இன்னாங்க, உங்க பொண்ணு லைசென்ஸ் வாங்கிட்டா!"

யாரோ ஒருத்தர் பரீட்சைக்கு வரவில்லையாம், அந்த இடத்தில் இவள் புகுந்துவிட்டாள். ஸ்டானே வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாராம்.

"நான் ஓட்டறேன், நீ பின்னாடி குந்திக்கோ," என்றாள் கலா. "நீ வழி சொல்லு. மேப்பு உனக்குதான் மனப்பாடம்."

"நான் பின்னாடியா? ஊர்ல யாராவது பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"அங்க யாரு நைனா பாப்பாங்க? கரடிதான் பாக்கும்."

"மீசை வெச்ச ஆம்பளை, பொண்ணு பின்னாடி பில்லியன்ல..."

"பதிமூணு வருஷம் என் பின்னாடி வந்தீங்களே," என்றாள் வசந்தா, "அப்பல்லாம் மீசை எங்க இருந்துச்சு? ஒழுங்கா போய்ட்டு வாங்க."

சோற்றைப் பிசைந்தேன். ரெண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டேன்:

"அந்த ரோட்லதான் டெஸ்ட்டா?"

"ஆமா."

"ரப்பர் குழா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நின்னியா?"

"இல்ல." தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை வைத்தாள். "கொஞ்சம் ஸ்லோ பண்ணேன்."

5

இன்றைக்குக் கிளம்புகிறோம். கூடாரம், போர்வை, கயிறு எல்லாம் வண்டியில் கட்டியாகிவிட்டது. வசந்தா காலையில் டியூட்டி முடிந்து வந்தவள், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் புளிசோறு கிளறி, சொன்ன மாதிரியே ரெண்டு பொட்டலமாகக் கட்டினாள். "கரடியப் பாத்தா கேட்டேன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். தலையணையில் தலை பட்டதும் குறட்டை. பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர அவளுக்கும் லீவு கேட்டோம், கொடுக்கவில்லை. கலா வெளியே டயரில் காற்று பார்க்கிறாள். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை, அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலைக்கு மோட்டார் சைக்கிளில் போவது எனக்கு இது முதல் தடவை இல்லை. இது பொய்யில்லை, வசந்தா எழுந்ததும் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணமான புதுசில் முதலாளியிடம் கெஞ்சி வண்டியை வாங்கிக்கொண்டு, அவளை ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, மடியில் டிபன் கேரியர், ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தாள். போளூர் தாண்டும் வரைக்கும் ராஜா மாதிரி ஓட்டினேன். மலை ஏறினதும் மூணாவது வளைவில் வண்டி ஒரு தும்மல் தும்மியது, நின்றுவிட்டது. உதைத்தேன், கும்பிட்டேன், பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து ஊதினேன். அசையவில்லை. மேலே போவதா, கீழே போவதா? புதுப் பெண்டாட்டி முன்னால் மானம் போகிறது. வியர்த்து ஊற்றுகிறது. "ஒண்ணுமில்ல, இன்ஜின் களைச்சிருக்கு, கொஞ்சம் ஆறணும்," என்று அளக்கிறேன். அவள் டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்து இடுப்பில் சொருகினாள். என்னை ஒரு வார்த்தை திட்டாமல் வண்டிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தாள். மலை மேல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்துவிட்டாள்! ஒரு வளைவு தாண்டினோம். அங்கே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாள் பாருங்கள். அவள் கேட்டது என்னவென்றால்...

"நைனா!"

ஜன்னலுக்கு வெளியே கலா, ரகசியம் பேசுகிற குரலில் கத்துகிறாள்.

"இரும்மா, ஒரே ஒரு வரி கீது."

"அப்பறமா எழுதிக்கோ. மம்மி தூங்குது, இங்க ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மூட்டையோட வண்டி கனமா கீது நைனா. ஜல்தி வா, முனை வரைக்கும் தள்ளு."